என்.எஃப்.ஏ. மாணவர் சங்கக் குழுப் படம் கையில் கிடைத்தால்: ஆண்டு, ஊர், பெயர் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய பள்ளிப் படங்களில் ஒரு வகை திரும்பத் திரும்ப வரும். செங்கல் கட்டடத்தின் படிக்கட்டில் மூன்று நான்கு வரிசையாகக் கறுப்பின மாணவர்கள், ஓரத்தில் கோட்டு போட்ட ஓர் ஆசிரியர், முன்வரிசைப் பையன் கையில் ஒரு பதாகை. பின்பக்கம் பென்சிலில் "என்.எஃப்.ஏ. பாய்ஸ்" என்று மட்டும் இருக்கும். என்.எஃப்.ஏ. என்பது விவசாயம் படித்த கறுப்பின மாணவர்களின் நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா சங்கம். பெயர் இல்லை, ஆண்டு இல்லை. இப்படி ஒரு பிரிண்ட்டோ அதன் ஸ்கேனோ உங்களிடம் வந்து, ஆவணக் காப்பகத்துக்கோ இணையக் களஞ்சியத்துக்கோ விவரக்குறிப்பு எழுத வேண்டியிருந்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள். வரிசை முக்கியம். சங்கம், ஆண்டு, இடம் மூன்றையும் படத்திலிருந்தே எடுக்கலாம். பெயர்களை ஆட்களிடமிருந்தும் ஏடுகளிலிருந்தும்தான் எடுக்க முடியும். முதல் மூன்றும் முடியாமல் பெயரில் இறங்குபவர்கள்தான் வேறு ஊர்ப் பையனுக்கு இந்த ஊர்ப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

1917-இன் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளில் விவசாயத் தொழிற்கல்விக்கு மத்திய அரசுப் பணத்தைத் திறந்துவிட்டது. தென்மாநிலங்களில் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்திருந்ததால் அந்த வகுப்புகளும் இரண்டு தடத்தில் ஓடின. 1928-இல் கேன்சஸ் சிட்டியில் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ., அதாவது ஃப்யூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா, தெற்கில் வெள்ளையின மாணவர்களுக்கானதாகவே இருந்தது. கறுப்பின மாணவர்களுக்கான சங்கம் அதற்கு முந்தைய ஆண்டே வர்ஜீனியாவில் முளைத்துவிட்டது. 1927-இல் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே உள்ள கறுப்பினக் கல்லூரியில் (இன்றைய வர்ஜீனியா ஸ்டேட் பல்கலைக்கழகம்) நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் வர்ஜீனியா உருவானது. மத்தியக் கல்வித் துறையின் எச்.ஓ. சார்ஜென்ட்டும், அந்தக் கல்லூரியின் ஜி.டபிள்யூ. ஓவென்ஸ், ஜே.ஆர். தாமஸ் இருவரும் அதன் பின்னணியில் இருந்தவர்கள். பிற மாநிலங்களும் இதைப் பின்பற்ற, 1935 ஆகஸ்ட்டில் அலபாமாவின் டஸ்கீகியில் நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற தேசியச் சங்கம் நிறுவப்பட்டது. அதுதான் என்.எஃப்.ஏ. 1965-இல் சுமார் 50,000 உறுப்பினர்களோடு அது எஃப்.எஃப்.ஏ.வில் இணைக்கப்பட்டது. காகிதத்தில் அது இணைப்பு. நடைமுறையில் என்.எஃப்.ஏ.வின் பெயர், சின்னம், நிறம் எதுவும் மிஞ்சவில்லை. படங்கள் இப்படி அநாதையாகக் கிடப்பதற்கு அது ஒரு காரணம்.

பள்ளிகளின் கதை இன்னொரு காரணம். இனப்பிரிவினை நீங்கியபோது பெரும்பாலும் மூடப்பட்டவையும் நடுநிலைப் பள்ளியாகத் தரம் இறக்கப்பட்டவையும் கறுப்பினப் பள்ளிகள்தான். கோப்பைகள், பதிவேடுகள், சுவரில் மாட்டியிருந்த படங்கள் பல இடங்களில் குப்பைக்குப் போயின. தப்பியவை ஆசிரியர் வீட்டிலும் தேவாலய அலமாரியிலும் இருந்தவை.

1. தொடுவதற்கு முன்

கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். நைட்ரில் கையுறை இருந்தால் நல்லது. பருத்திக் கையுறை வேண்டாம், கிழிந்த ஓரத்தில் நூல் மாட்டி இழுக்கும். கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் படத்தைப் பிரிக்கும் முன் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். ஈரம் பட்டுக் காய்ந்த இடங்களில், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் மினுமினுப்பு வேறுபடும். ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

சுருண்டு கிடக்கும் நீளப் படங்களும் வரும். மாநாடுகளுக்கும் முகாம்களுக்கும் சர்க்யூட் கேமராவை வைத்து எடுத்தவை அவை. விசையால் கேமரா மெல்லத் திரும்ப, உள்ளே ஃபிலிம் எதிர்த்திசையில் நகரும். அதனால் நேரான கட்டட முகப்பு வளைந்து தெரியும், வளைவாக நிறுத்திய ஆட்கள் நேர்வரிசையில் தெரிவார்கள். ஃபிலிம் அளவிலேயே பிரிண்ட் போட்டிருப்பதால் நூறு முகமும் கூர்மையாக இருக்கும். ஆனால் பல ஆண்டு சுருண்டிருந்த தாளைக் கையால் விரித்தால் ஜெலட்டின் குறுக்காக வெடிக்கும். அந்த வேலையைப் பழைய படங்களைப் பாதுகாக்கும் வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.

2. ஸ்கேன்

தட்டைப் படுகை ஸ்கேனர்தான். தாளை இழுத்து விழுங்கும் வகையில் ஒருபோதும் போடாதீர்கள். 8×10 அங்குலப் படத்துக்கு 600 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி), 24-பிட் வண்ணம், டிஃப் கோப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழுப்பேறிய கறை, பென்சில், நீல மை எல்லாம் பிரிந்து தெரிவது வண்ணத்தில்தான். கோப்பு சுமார் 86 எம்.பி. வரும். குழு பெரிதாகி முகம் 5 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருந்தால் 600-இல் முக அகலத்துக்கு 118 புள்ளிகள்தான் கிடைக்கும். அப்போது 1200-க்குப் போங்கள், கோப்பு நான்கு மடங்காகும். சட்டை எழுத்தைப் படிக்கவும் அது உதவும்.

பின்பக்கத்தைக் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து ஒன்றும் இல்லாவிட்டாலும் சரி.

ஸ்கேனர் மென்பொருளின் "ஆட்டோ" திருத்தம், கூர்மையாக்கல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இந்த வகைப் படங்களில் அது செய்யும் சேதம் அதிகம். நண்பகல் வெயில், வெள்ளைச் சட்டை, தொப்பி நிழலில் கருத்த முகம் என்பதுதான் வழக்கமான அமைப்பு. புகைப்படக்காரர் சட்டைக்கு ஏற்ப ஒளி கொடுத்திருந்தால் முகங்கள் அடர்நிழல் பகுதியில் நெருக்கியடித்து இருக்கும். ஆட்டோ திருத்தம் படத்தின் மொத்த மாறுபாட்டைக் கூட்டுவதற்காக அந்த நிழல் விவரத்தை வெட்டிவிடும். திருத்தமில்லாத மூலக் கோப்பைத் தனியாக வைத்துவிட்டு, நகலில் படத்திருத்த மென்பொருளின் கர்வ்ஸ் கருவியால் நிழல் பகுதியை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். காணாமல் போயிருந்த புருவமும் காலர் ஊசியும் வெளிவரும்.

முகத்தைக் "கூர்மையாக்கும்" செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேண்டாம். அவை இல்லாத கண்ணையும் பல்லையும் வரைந்து தருகின்றன. நிறமூட்டும் செயலிகள் அதைவிட மோசம். என்.எஃப்.ஏ.வின் கறுப்பு ஜாக்கெட்டுக்கு நீலம் பூசினால் படத்தின் முக்கியமான சான்றே பொய்யாகிவிடும்.

3. எந்தச் சங்கம்?

கறுப்பின மாணவர்கள், கிராமப் பள்ளி என்றதும் என்.எஃப்.ஏ. என்று எழுதிவிடாதீர்கள். போட்டிக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்.

என்.எஃப்.ஏ. ஆண்களுக்கான சங்கம். நிறம் கறுப்பும் பொன்னும். சின்னத்தில் கலப்பை, ஆந்தை, உதிக்கும் சூரியன், கழுகு, பருத்திக்காய். எஃப்.எஃப்.ஏ. சின்னமும் ஏறக்குறைய இதேதான், ஆனால் பருத்திக்காய் இருக்குமிடத்தில் குறுக்கே வெட்டிய மக்காச்சோளக் கதிர். கதிர் என்றால் வெளிவட்டம் மணிமணியாக, ஏறக்குறைய உருண்டையாகத் தெரியும். இரண்டு சங்கத்துக்கும் கார்டுராய் ஜாக்கெட்தான். என்.எஃப்.ஏ.வுக்குக் கறுப்பு, எஃப்.எஃப்.ஏ.வுக்கு நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே விழும் என்பதால் ஜாக்கெட்டின் அடர்த்தியை வைத்து முடிவு செய்யக் கூடாது. எழுத்தைப் படியுங்கள், சின்னத்தின் விளிம்பைப் பாருங்கள். ஜாக்கெட்டே இல்லாவிட்டால் அதுவும் எதற்கும் சான்றல்ல. காசு கொடுத்து வாங்க வேண்டிய உடுப்பு அது.

பெண்கள் மட்டும் இருந்தால் என்.எச்.ஏ., அதாவது நியூ ஹோம்மேக்கர்ஸ் ஆஃப் அமெரிக்காவாக இருக்கலாம். மனையியல் மாணவிகளுக்காக 1945-இல் தொடங்கிய இதுவும் 1965-இல் வெள்ளையின மனையியல் மாணவிகள் சங்கத்தோடு இணைந்தது. பையன்களும் பெண்களும் கலந்து, வயதில் சின்னவர்களும் இருந்தால் 4-எச் சங்கத்தை நினையுங்கள். நான்கிலைச் சின்னத்தில் இலைக்கு ஒரு எச் எழுத்து இருக்கும். 4-எச் பள்ளிப் பாடத்தோடு கட்டுண்டதல்ல, வேளாண் விரிவாக்கப் பணியின் கீழ் நடந்தது. ஆகவே ஓரத்தில் நிற்கும் பெரியவர் ஆசிரியராக இல்லாமல் மாவட்ட விரிவாக்க அலுவலராக இருக்கலாம். அந்தப் பணியின் முதல் கறுப்பின அலுவலர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ கேம்ப்பெல் 1906-இல் டஸ்கீகியிலிருந்துதான் தொடங்கினார். பெரியவர் யார் என்பது தேடலின் திசையையே மாற்றும். ஆசிரியர் என்றால் பள்ளி ஏடுகள், அலுவலர் என்றால் விரிவாக்கப் பணியின் ஆண்டறிக்கைகள்.

1965-க்குப் பிந்தைய படம் என்றால் கறுப்பின மாணவர்கள் எஃப்.எஃப்.ஏ. நீல ஜாக்கெட்டில் இருப்பது இயல்பு. எஃப்.எஃப்.ஏ. பெண்களை முறையாக உறுப்பினராக்கியது 1969-இல்.

4. ஆண்டு: இரண்டு பக்கமும் வேலி கட்டுங்கள்

"சுமார் 1950" என்று ஊகித்து எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. இதற்கு முன்னால் இருக்க முடியாது, இதற்குப் பின்னால் இருக்க முடியாது என்று இரண்டு எல்லை போடுங்கள். எல்லையின் காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்து வருபவர் உங்கள் எல்லையை நெருக்கட்டும்.

கொடி இருந்தால் அதிர்ஷ்டம். 48 நட்சத்திரக் கொடி 1912 ஜூலை 4 முதல் 1959 ஜூலை 3 வரை. நட்சத்திரங்கள் நேர்கட்டமாக, எட்டெட்டாக ஆறு வரிசை. 49 நட்சத்திரம் ஒரே ஓராண்டு. 1960 ஜூலை 4 முதல் 50, வரிசைகள் ஆறும் ஐந்துமாக மாறி மாறி. மடிப்பில் எல்லா நட்சத்திரமும் தெரியாவிட்டாலும் நேர்கட்டமா, விலகிய அடுக்கா என்பது தெரிந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: பழைய கொடியைப் பள்ளிகள் உடனே தூக்கி எறிவதில்லை. 50 நட்சத்திரம் என்றால் 1960-க்கு முன் இல்லை என்பது உறுதி. 48 என்றால் 1959-க்குப் பின் இல்லை என்பது வெறும் வாய்ப்பு.

பின்னால் கார் நின்றால் அதன் எண் பலகையைப் பெரிதாக்குங்கள். பல மாநிலங்கள் ஆண்டுதோறும் புதுப் பலகை கொடுத்து ஆண்டையும் அதில் அச்சிட்டன. 6×12 அங்குலம் என்ற பொது அளவு வந்தது 1956-இல்.

ஸ்டூடியோ முத்திரையின் முகவரியும் பேசும். நகரத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவே ஓரிலக்கமோ ஈரிலக்கமோ இருந்தால் அது 1943-இல் வந்த அஞ்சல் மண்டல எண். ஐந்திலக்க ஜிப் எண் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிறகு. மண்டல எண் பெரிய நகரங்களுக்குத்தான் தரப்பட்டது. சிற்றூர் ஸ்டூடியோவில் அது இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தாளே ஒரு சான்று. இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பக்கத்தில் இன்றைய அச்சுத் தாள் ஒன்றை ஒப்பீட்டுக்கு வையுங்கள். படத்தின் வெள்ளைப் பகுதி அதேபோல நீலவெண்மையாக ஒளிர்ந்தால், வெளுப்பூட்டி சேர்த்த தாள், 1950-களுக்கு முந்தியதல்ல. ஒளிராவிட்டால் எதுவும் உறுதியில்லை. பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழுவழுப்பாக இருந்தால் ரெசின் பூசிய தாள். அது கறுப்பு வெள்ளையில் 1970-களில்தான் பரவியது. ஆக, 1940-களின் உடையில் மாணவர்கள், ரெசின் தாளில் பிரிண்ட் என்றால் உங்கள் கையில் இருப்பது பிற்கால நகல். மூலம் வேறெங்கோ இருக்கிறது, தேடுங்கள். தபால் அட்டைத் தாளில் இருந்தால் தபால்தலைக் கட்டத்தைப் பாருங்கள். அதில் ஏசோ (AZO) என்ற தாள்வகைப் பெயர் இருந்து, மூலைகளின் நான்கு முக்கோணமும் மேல்நோக்கினால் ஏறக்குறைய 1904–1918, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918–1930.

சின்னப் படங்களின் வெள்ளை ஓரத்தில் அச்சான மாதமும் ஆண்டும் பிரிண்ட் போட்ட நாள்தான். எடுத்த நாள் அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்.

உடையை வைத்து ஆண்டு சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அண்ணன் போட்டதைத் தம்பி போட்டவர்கள். உடை காட்டும் ஆண்டோடு எதிர்காலப் பக்கம் பத்தாண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, சங்கத்தின் பெயரே ஒரு வேலி. என்.எஃப்.ஏ. என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தால் 1935-க்கும் 1965-க்கும் இடையில்.

5. இடம்

முதலில் படம் இடவலம் மாறி அச்சாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு எடுத்த பிரிண்ட்டுகள் குறைவல்ல. எழுத்து இல்லையென்றால் ஆண்கள் சட்டையின் பொத்தான் பட்டியைப் பாருங்கள். அணிந்தவரின் இடது பாகம் மேலே வர வேண்டும், அதாவது பார்ப்பவருக்கு வலப்பக்கத் துணி மேலே. எல்லோருக்கும் மாறியிருந்தால் படமே மாறியிருக்கிறது.

வரிசை வரிசையாக உயரமான ஜன்னல்கள் ஒட்டி ஒட்டி இருக்கும் பலகைக் கட்டடம் ரோஸன்வால்ட் பள்ளியாக இருக்கலாம். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோஸன்வால்டின் நிதியும் ஊர்க் கறுப்பின மக்களின் பங்களிப்பும் அரசுப் பணமும் சேர்ந்து 1912 முதல் 1932 வரை 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் இப்படி எழும்பின. மின்சாரம் இல்லாத ஊர்களில் பகல் வெளிச்சத்துக்காக ஜன்னல்கள் அப்படி. ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அந்த நிதியின் அட்டைக் கோப்புகளைப் படங்களோடு இணையத்தில் வைத்திருக்கிறது. மாவட்டப் பெயரைக் கொடுத்தால் கட்டடத்தின் பழைய படம் பலவற்றுக்கு வரும், ஜன்னல் எண்ணிக்கையை ஒப்பிடலாம்.

கல்லூரி முகப்பு போல் இருந்தால் அது மாணவர்களின் சொந்தப் பள்ளியாக இருக்காது. மாநில மாநாடுகள் கறுப்பின நில மானியக் கல்லூரிகளில் (மத்திய அரசு உதவியோடு விவசாயமும் தொழிலும் கற்பித்தவை) நடப்பது வழக்கம். இடப் பெயரைக் கல்லூரிக்குக் கொடுங்கள், மாணவர்களின் ஊரைக் காலியாக விடுங்கள். "கவுண்டி டிரெயினிங் ஸ்கூல்" என்று பலகை இருந்தால் குழம்ப வேண்டாம். தெற்கில் கறுப்பினப் பள்ளிகள் பலவற்றுக்கு அதுவே பெயர், பின்னாளில் வேறு பெயருக்கு மாறியிருக்கும்.

6. பெயர்கள்

படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து வரையாதீர்கள், பென்சில் அழுத்தம் படத்தில் பதியும். ஸ்கேனை அச்செடுத்து அதில் எண் போடுங்கள். முன்வரிசையிலிருந்து தொடங்கி, பார்ப்பவரின் இடமிருந்து வலம்: 1-1, 1-2, அடுத்த வரிசை 2-1. குந்தியிருப்பவர்கள், உட்கார்ந்தவர்கள், நிற்பவர்கள் தனித்தனி வரிசை. இரண்டு வரிசைக்கு நடுவே பாதி முகம் தெரிபவருக்கும் எண் உண்டு. பழைய தலைப்புகளில் பெயர் எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் ஒத்துவராமல் போவது பெரும்பாலும் அவரை விட்டுவிடுவதால்தான். ஒருவர் விடுபட்டால் அவருக்கு வலப்பக்கம் உள்ள அத்தனை பெயரும் ஓர் இடம் தள்ளிப் போகும்.

பிறகு ஏடுகள். பள்ளி ஆண்டு மலர்கள் முதலில். வட கரோலினாவுக்கு டிஜிட்டல்என்சி தளம் கறுப்பினப் பள்ளி மலர்கள் பலவற்றை இலவசமாகத் தருகிறது. நார்ஃபோக் ஜர்னல் அண்ட் கைட், பிட்ஸ்பர்க் கூரியர், அட்லாண்டா டெய்லி வேர்ல்ட் போன்ற கறுப்பினச் செய்தித்தாள்களில் சங்கத் தேர்தல், கால்நடைப் போட்டிச் செய்திகள் பெயரோடு வரும். சங்கத்தின் ஆவணங்கள் இண்டியானாபொலிஸில் இண்டியானா பல்கலைக்கழகக் காப்பகத்தில் எஃப்.எஃப்.ஏ. தொகுப்போடு இருக்கின்றன. தேடும்போது இன்றைய சொற்களை மட்டும் போட்டால் பாதி அகப்படாது. அக்கால அட்டவணைகள் "கலர்டு", "நீக்ரோ" என்றே பிரித்தன. தேடலில் அவற்றைப் பயன்படுத்துங்கள். உங்கள் விவரிப்பில் ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்கள் என்று எழுதுங்கள். படத்தின் மேலேயே பழைய சொல் இருந்தால் மேற்கோள் குறிக்குள் உள்ளபடியே பதியுங்கள், அழித்துத் திருத்தாதீர்கள்.

ஒரு பெயர் கிடைத்ததும் மக்கள் கணக்கெடுப்பில் சரிபாருங்கள். 72 ஆண்டு கழித்துத்தான் தனிநபர் விவரம் திறக்கப்படும். 1940-உம் 1950-உம் திறந்தாயிற்று, 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். பையனின் வயது, வீடு இருந்த மாவட்டம், தகப்பன் தொழில் மூன்றும் படத்தின் ஆண்டோடு பொருந்துகிறதா பாருங்கள். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருப்பது சகஜம்.

ஏடுகளை விட ஆட்கள் வேகம். 1955-இல் 15 வயதுப் பையன் 1940-இல் பிறந்தவர், இன்று எண்பது தாண்டியவர். முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்கள் பல பழைய பள்ளிகளுக்கு இன்றும் நடக்கின்றன. அங்கே பெரிய அளவு அச்சுப் பிரதி ஒன்றையும் எண் தாளையும் வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். "இவர் இன்னார்தானே?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "3-4 யார்?" என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குக் காட்டாமல் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். இருவர் தொடர்பில்லாமல் ஒரே பெயரைச் சொன்னால் உறுதி, ஒருவர் மட்டும் சொன்னால் பெயருக்குப் பின் கேள்விக்குறி. முகத்தை ஒப்பிடும் செயலியின் பதிலைச் சான்றாக எழுதாதீர்கள். கருத்த முகங்களில் அவற்றின் பிழை விகிதம் கூடுதல் என்பது பலமுறை சோதித்து அறிந்தது, அதிலும் இவை நிழலில் எடுத்த முகங்கள்.

7. குறிப்பு எழுதுதல்

இப்படி ஒரு வடிவம் போதும்: "நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா கிளை உறுப்பினர்கள் 34 பேரும் பெரியவர் ஒருவரும், பள்ளி முகப்பில். மாவட்டம், மாநிலம். 1943–1959 (ஸ்டூடியோ முத்திரையில் மண்டல எண், 48 நட்சத்திரக் கொடி, ஆகவே பின்எல்லை தளர்வானது). பின்பக்கம் பென்சிலில் 'என்.எஃப்.ஏ. பாய்ஸ்'. 1-3 பெயர் (இருவர் உறுதி), 2-5 பெயர்? (ஒருவர்)." பெரியவரை "ஆலோசகர்" (கிளையை வழிநடத்தும் ஆசிரியர்) என்று எழுத ஆதாரம் வேண்டும், தலைமையாசிரியராகவும் இருக்கலாம்.

மூலப் பிரிண்ட்டில் ஏதாவது எழுதியே ஆக வேண்டுமென்றால் பின்பக்க ஓரத்தில், மென்மையான 2பி பென்சிலால், கெட்டியான தட்டைப் பரப்பில் வைத்து, வரிசை எண் மட்டும். பால்பாயின்ட் முன்பக்கம் புடைக்கும். ஒட்டுத்தாள், செலோடேப், பி.வி.சி. உறை மூன்றும் கூடாது. பாலியெஸ்டர் உறையில் போட்டு, அமிலமற்ற அட்டைப் பெட்டியில், 21 டிகிரிக்குக் கீழ், ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். பரணும் அடித்தளமும் வேண்டாம். பசைப் பக்க ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பல்லிடுக்கு நூலைப் பின்னால் விட்டு மெல்ல அறுத்து எடுக்கலாம். அசையாவிட்டால் பக்கத்தோடு விட்டுவிடுங்கள்.

8. வெளியிடும் முன்

பிரிண்ட் உங்களுடையது என்பதால் பதிப்புரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. அது பொதுவாகப் புகைப்படக்காரருக்கோ அவரை வேலைக்கு வைத்த ஸ்டூடியோவுக்கோ உரியது. அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்பட்ட படத்துக்கு அதிகபட்சம் 95 ஆண்டு. 1963 வரை வெளியாகி, 28-ஆம் ஆண்டில் பதிவைப் புதுப்பிக்காதவை பொதுவுடைமை. எங்கும் வெளியிடப்படாமல் வீட்டிலேயே இருந்த படத்துக்கு, எடுத்தவர் தெரிந்தால் அவர் இறந்து 70 ஆண்டு, தெரியாவிட்டால் எடுத்ததிலிருந்து 120 ஆண்டு. பள்ளி மலரிலோ செய்தித்தாளிலோ அதே படம் அச்சானதைக் கண்டுபிடித்தால் ஆண்டு, பெயர், உரிமை மூன்றும் ஒரே அடியில் தெளிவாகும். அதனால் உரிமைப் பகுதியை எழுதும் முன் ஆண்டு மலர்களை இன்னொரு முறை புரட்டுங்கள். வாழும் ஒருவரின் பெயரைச் சேர்ப்பதாக இருந்தால் அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் எண் மட்டும் இருக்கட்டும், பெயர் உங்கள் கோப்பில் மூடியிருக்கட்டும்.